எஸ்.பி.எல்., என்.சி.சி., சாரணர், என்.எஸ்.எஸ்.: நெல்லைப் பிள்ளைகள் எதில் சேரலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் படிவங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். ஆறாம் வகுப்புக்குச் சாரண ஆசிரியர் வந்து பெயர் கேட்பார். எட்டாம் வகுப்பில் தேசிய மாணவர் படையான என்.சி.சி.க்கு ஆள் எடுப்பார்கள். பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ். படிவம். ஜூலைக்குள் வகுப்புத் தலைவர், பள்ளி மாணவர் தலைவர் (எஸ்.பி.எல்.) எல்லாம் முடிவாகிவிடும். “நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வா” என்று சொல்லிவிடுவதால், எதில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், எவ்வளவு நேரம் போகும் என்று பார்க்க ஒரு ராத்திரிதான் இருக்கிறது. ஒன்று, கூட்டாளி சேர்ந்தான் என்பதற்காகப் பிள்ளை சேருகிறது. இல்லையென்றால், “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு” என்று வீட்டில் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பொறுப்பு எது, வெறும் பட்டம் எது என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும். இந்தப் பிள்ளை ஒருநாள் லீவு போட்டால் எந்த வேலை நிற்கும்? ஒரு வேலையும் நிற்காது என்றால் அது சட்டையில் குத்தும் பேட்ஜ் மட்டும்தான். எட்டுப் பேருக்குக் கயிறும் விசிலும் எடுத்துவைக்க ஆளில்லாமல் போகும், ஐம்பது பேருக்குக் குடிதண்ணீர் வராமல் போகும் என்றால் அது தலைமைப் பயிற்சி. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் பஸ்

அமைப்பைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையின் சாயங்காலத்தைப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் போன்ற ஊர்ப் பள்ளிகளுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் நிறைய. பள்ளி விட்டதும் வரும் பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டிய பிறகுதான் வீடு என்ற ஊர்கள் உண்டு. ஐந்து மணிக்கு மேல் நடக்கும் எந்தப் பயிற்சியும் இந்தப் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, சொல்லாமலே வெளியே தள்ளிவிடும். முக்கூடல், மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் சாயங்காலம் அம்மாவுக்குக் கைகொடுக்காமல் வாரக் கணக்கு முடியாது. இதையெல்லாம் கேட்காமல் “உன் மகளுக்கு ஆர்வம் இல்லை” என்று எழுதிவிடுவது அநியாயம். பயிற்சியை மதிய இடைவேளைக்கோ காலை எட்டரைக்கோ மாற்றினால் அதே பிள்ளை முன்வரிசையில் நிற்கும். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டியவை மூன்று: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், சனிக்கிழமை உண்டா.

பள்ளி மாணவர் தலைவர்

எஸ்.பி.எல். என்று எல்லாரும் சொல்லும் இந்தப் பதவிதான் கண்ணுக்கு அதிகம் படுவது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இதில்தான் வேலை குறைவு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கட்டளை சொல்வது, விழாவில் வரவேற்புரை, விருந்தினருக்குப் பூங்கொத்து. மீதி நேரம் ஆசிரியர் அறைக்கும் வகுப்புக்கும் நடந்து சுற்றறிக்கை கொடுப்பது. நம் கேள்வியை இதற்குப் போட்டால் பதில் வருத்தம் தரும். எஸ்.பி.எல். வராவிட்டால் உதவித் தலைவர் கட்டளை சொல்வார், அவ்வளவுதான்.

இதை உண்மையான பொறுப்பாக்க முடியும். தலைமையாசிரியர் நான்கு வேலைகளை எழுதிக் கையில் கொடுத்தால் போதும். ஒன்று, புகார்ப் பெட்டி. பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி மாணவர் தலைவரிடம், மற்றொன்று பொறுப்பாசிரியரிடம். வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே திறக்க வேண்டும். இரண்டு, தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறையையும் தினமும் பார்த்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது. மூன்று, மதிய உணவு வரிசை. நான்கு, மாதம் ஒருமுறை வகுப்புத் தலைவர்கள் கூட்டம். அதில் எழுந்த கோரிக்கைகளுக்குத் தலைமையாசிரியர் அடுத்த கூட்டத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுதியதற்கு மூன்று மாதம் பதிலே வராவிட்டால் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். திட்டம் தோற்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கொடுக்கக் கூடாத வேலையும் உண்டு. ஆசிரியர் இல்லாத வகுப்பில் பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலை. இது எல்லா ஊரிலும் பழக்கம்தான். ஆனால் நம் மாவட்டத்தில் இதன் விலை அதிகம். பெயர் எழுதியவன் ஒரு தெரு, அடிவாங்கியவன் இன்னொரு தெரு என்றால் அந்தக் கணக்கு பஸ் ஸ்டாண்டில் தீர்க்கப்படும். பதின்மூன்று வயதுப் பையனைப் போலீஸ்காரன் ஆக்குவதற்குப் பெயர் தலைமை அல்ல.

சாதியைப் பற்றிப் பேசாமல் இங்கே மாணவர் தலைமையைப் பற்றிப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் சொந்த வீட்டுக்குள் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தரப்பட்டது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் வகுப்பில் உட்காரும் வரிசை வரை அது பேசியது. பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்ற அதன் யோசனையை, அணி பிரிக்கும் எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம்.

எஸ்.பி.எல். தேர்தலில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரே பஸ்ஸில் வருபவர்கள் ஒரே ஊர், ஒரே ஊர் என்றால் பல நேரம் ஒரே தெரு, ஒரே சாதி. அந்தக் கூட்டம் அப்படியே ஓட்டாக மாறும். நானூறு பேர் ஓட்டுப்போடும் பள்ளியில் நால்வர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 150, அடுத்தவர்களுக்கு 110, 90, 50. வழக்கமான முறையில் 150 வாங்கியவர் ஜெயித்துவிடுவார். மீதி 250 பேர் அவரை விரும்பவில்லை என்பது கணக்கிலேயே வராது. தன் கூட்டத்தைத் தாண்டி ஒருவரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்காது.

இதற்கு மாற்று விருப்பவரிசை ஓட்டு. சீட்டில் முதல் விருப்பத்துக்கு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3 என்று எழுத வேண்டும். பாதிக்கு மேல், அதாவது 201 ஓட்டு யாருக்கும் வரவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை விலக்கிவிட்டு அவருடைய 50 சீட்டுகளையும் அடுத்த விருப்பம் எவரோ அவருக்குச் சேர்க்க வேண்டும். அப்போதும் 201 வராவிட்டால் மூன்றாம் இடத்தவரின் சீட்டுகளையும் அப்படியே பிரிக்க வேண்டும். இந்த முறையில் வேட்பாளர் அடுத்த தெருப் பிள்ளையிடமும் போய், “எனக்கு ரெண்டாவதாவது போடு” என்று கேட்டே ஆக வேண்டும். அந்தப் பேச்சு நடப்பதுதான் இதில் பெரிய லாபம். கைப்பேசிச் செயலியில் வாக்குப்பதிவு இயந்திரம் போல நடத்துவது இப்போது பரவலாக இருக்கிறது; பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். ஆனால் ஒரு பொத்தான், ஒரு ஓட்டு என்று இருக்கும் செயலியில் இந்த முறையை நடத்த முடியாது. காகிதச் சீட்டும் அட்டைப் பெட்டியும் வேண்டும், எண்ணுவதற்கு இரண்டு ஆசிரியர்களும் கூடுதலாக ஒரு மணி நேரமும் வேண்டும்.

வேட்புமனுவுக்குப் பத்து முன்மொழிபவர் வேண்டும், ஒரே வகுப்பில் இருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது, ஒரே பஸ் தடத்தில் இருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது என்று விதி வைத்தால் வாசலிலேயே பாதிக் கலப்பு வந்துவிடும். இருபாலர் பள்ளியில் ஆணுக்கு ஒரு சீட்டு, பெண்ணுக்கு ஒரு சீட்டு. பிரசாரம் என்றால் வழிபாட்டுக் கூட்டத்தில் மூன்று நிமிடப் பேச்சு மட்டும். சுவரொட்டி, மிட்டாய், வண்ணத் துண்டு எதுவும் வேண்டாம்.

ஜெயித்து வந்த பிள்ளைக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். சாதி சொல்லித் திட்டியது, மிரட்டியது, அடித்தது என்று புகார் வந்தால் மாணவர் தலைவர் விசாரிக்கக் கூடாது, சமாதானமும் பேசக் கூடாது. அன்றைக்கே எழுத்தில் தலைமையாசிரியர் கையில் சேர்க்க வேண்டும். அங்கே நகரவில்லை என்றால் 14417 பள்ளிக்கல்வி உதவி எண்ணும் 1098 சிறார் உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டு எண்களும் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்க வேண்டும்.

மகிழ் முற்றம்

அரசுப் பள்ளிகளில் 2024-25 கல்வியாண்டில் வந்த இந்தக் குழு முறையைப் பலர் விளையாட்டுப் போட்டி ஏற்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அதில் பிரிந்து சேர்வார்கள். மாஞ்சோலை மலையும் தாமிரபரணி வயலும் உவரிக் கடற்கரையும் தேரி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நம் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து பெயரையும் விளக்கவே வேண்டாம். குழு பிரிப்பது குலுக்கலிலோ அகரவரிசையிலோ நடந்தால், வேறு வேறு தெருப் பிள்ளைகள் ஒரே பக்கம் நின்று ஜெயிக்க வேண்டிய இடம் பள்ளிக்குள் இது ஒன்றுதான். வகுப்பாசிரியர் வசதிக்காக முதல் இரண்டு பெஞ்சு குறிஞ்சி, அடுத்த இரண்டு முல்லை என்று பிரித்தால் கூட்டாளிக் கூட்டமே குழுவாகிவிடும். செய்த வேலை வீண். குழுத் தலைவர் பதவி எஸ்.பி.எல். அளவுக்குக் கண்ணில் படாது. முதல்முறை பொறுப்பெடுக்கும் பிள்ளைக்கு அதுவே நல்லது.

தேசிய மாணவர் படை

என்.சி.சி. 1948-இல் தனிச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. பள்ளியில் இருப்பது இளநிலைப் பிரிவு. பதினெட்டரை வயதுக்குள் இருக்க வேண்டும். பயிற்சி இரண்டு ஆண்டு, முடிவில் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு. எட்டாம் வகுப்பில் சேர்ந்தால் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு மோதாது. ஒன்பதில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டு பத்தாம் வகுப்பில் வரும். வீட்டில் முணுமுணுப்பு அங்கேதான் தொடங்கும், பாதியில் நிற்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். அதனால் எட்டிலேயே சேர்வது நல்லது.

‘ஏ’ தேர்வு எழுத அணிவகுப்பு வகுப்புகளில் முக்கால் பங்கு வருகையும் ஒரு முகாமும் வேண்டும். ஆண்டுப் பயிற்சி முகாம் பத்து நாள். பாதிப் பேரின் வருகை குறைவது எங்கே என்று பார்த்தால், ஊர்க்கொடை (கோயில் திருவிழா), கல்யாணம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போவது என்று குடும்ப விசேஷங்களில்தான். கொடை தேதி முன்கூட்டியே தெரியும். அதைப் பொறுப்பு அலுவலரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவைத்தால் மற்ற வாரங்களில் சரிக்கட்டலாம். சொல்லாமல் மூன்று சனிக்கிழமை நின்றால் முகாம் பட்டியலில் பெயர் இருக்காது.

தலைமைப் பயிற்சி என்று பார்த்தால் என்.சி.சி.யின் பலம் கட்டளையிலும் நேரம் தவறாமையிலும் உள்ளது. “சாவ்தான்”, “விஷ்ராம்” என்று இந்தியில்தான் கட்டளை. முதல் மாதம் தடுமாற்றம் இருக்கும். வார்த்தையின் பொருளை விட அது எந்தக் காலில் விழுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. ஒரு எட்டு வைத்தால் முப்பது அங்குலம் போக வேண்டும். குட்டையான பிள்ளைகள் எட்டிப்போட்டுத் தொடைவலி வாங்குவார்கள், பத்து நாளில் சரியாகும். பூட்ஸ்தான் நிஜமான எதிரி. புது பூட்ஸில் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால் குதிகால் கொப்பளிக்கும். வீட்டில் தினம் பதினைந்து நிமிடம் போட்டுப் பழக வேண்டும், தடித்த சாக்ஸ் போட வேண்டும். அளவு சரியில்லை என்றால் வாங்கிய அன்றே மாற்றிக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டுப் பெரிய பூட்ஸோடு இரண்டு வருடம் ஓட்டும் பிள்ளைகள் உண்டு.

குறை என்னவென்றால், பதவி ஏணி குறுகல். ஐம்பது அல்லது நூறு பேர் உள்ள அணியில் சார்ஜன்ட், கார்ப்பரல் என்று பட்டை ஏறுபவர்கள் சிலர்தான். மற்றவர்கள் இரண்டு ஆண்டும் சொன்னதைச் செய்துவிட்டு வெளியே வருவார்கள். உடலுக்கும் ஒழுங்குக்கும் அது நல்லது. தானே முடிவெடுத்துப் பழகும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் குறைவு.

வேலைவாய்ப்புக் கணக்கும் பார்க்க வேண்டியதுதான். நம் பக்கம் ராணுவம், போலீஸ் என்று கனவோடு இருக்கும் வீடுகள் அதிகம். ராணுவ ஆள்சேர்ப்பில் என்.சி.சி. சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. கல்லூரியில் தொடர்ந்து ‘சி’ சான்றிதழ் வாங்கிப் பட்டமும் முடித்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத் தேர்வு வழியாக அதிகாரியாகும் சிறப்பு நுழைவும் இருக்கிறது. தமிழ்நாடு காவலர் தேர்விலும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி ‘ஏ’ சான்றிதழ் ஒன்றே வேலை வாங்கித்தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லாப் பள்ளியிலும் என்.சி.சி. கிடையாது. சில பள்ளிகளில் முழுச் சுயநிதித் திட்டத்தில் நடக்கிறது. அங்கே செலவைப் பள்ளியோ பெற்றோரோ ஏற்க வேண்டும். சேரும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

சாரணர், சாரணியர்

ஒரு பிள்ளைக்குத் தலைமை என்றால் என்னவென்று கற்றுத்தர எங்களுக்குத் தெரிந்த சிறந்த ஏற்பாடு இதுதான். காரணம் அணி முறை. ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. நான்கு அணி சேர்ந்தால் 32 பேர் வரை கொண்ட ஒரு படை. அணிக்கு ஒரு தலைவர், ஓர் உதவித் தலைவர். மீதிப் பேருக்கும் வேலை உண்டு: ஒருவர் பொருட்காப்பாளர், ஒருவர் கணக்கு, ஒருவர் குறிப்பேடு, ஒருவர் முதலுதவி. அணியில் வேலை இல்லாதவர் கிடையாது. பொருட்காப்பாளர் லீவு போட்டால் கயிறு இல்லை. கயிறு இல்லாவிட்டால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. பன்னிரண்டு வயதில் ஏழு பேருக்குத் தலைவராக இருந்து, சண்டைபோடும் இருவரை ஒரே கூடாரத்தில் தூங்கவைக்கும் பிள்ளை பிற்காலத்தில் எந்த வேலைக்குப் போனாலும் அது உதவும்.

பாரத சாரணர் சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7-இல் உருவானது. படிகள் பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான். அதற்கு மேல் ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் பெயரிலான ராஷ்டிரபதி விருது. ஒவ்வொரு படிக்கும் இடையே சில மாதங்கள் கட்டாயம் காத்திருக்க வேண்டும். கூட்டிப்பார்த்தால் ராஜ்ய புரஸ்கார் வரவே ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். இங்கேதான் பல பள்ளிகளில் தவறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு விருது வாங்கித்தருவோம் என்றால் நாள் போதாது. ஆறாம் வகுப்பில், தாமதமானால் ஏழில் தொடங்க வேண்டும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டுப் பணியிடங்கள் உண்டு, அதற்கு ராஷ்டிரபதி விருது போன்ற மேல்படித் தகுதி கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

செலவு சீருடை, கழுத்துத் துண்டு, விசில், கயிறு, தடி அளவுக்குள் முடியும். முடிச்சுப் பயிற்சிக்கு ஆளுக்கு மூன்று மீட்டர் பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் கயிறு விலை குறைவு, ஆனால் வழுக்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முடிச்சு நிற்காது. குறிப்பேட்டை அவ்வப்போது எழுத வேண்டும். தேர்வு முகாமுக்கு முந்தின வாரம் மூன்று வருடத்து நிகழ்ச்சிகளை உட்கார்ந்து எழுதும் பிள்ளைகளிடம் தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டாலே குட்டு உடைந்துவிடும்.

பலவீனம் ஒன்று உண்டு. சாரணர் படை முழுக்க ஓர் ஆசிரியரை நம்பி நிற்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால், அடுத்தவர் பயிற்சி முடித்து வரும்வரை படை படுத்துவிடும். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் முன், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரா இருவரா என்று கேட்பது நல்லது.

இளம் செஞ்சிலுவைச் சங்கம்

ஜே.ஆர்.சி. எளிமையானது, செலவு குறைவு, பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குள் முடியும். பஸ் சிக்கல் உள்ள பிள்ளைக்குப் பொருத்தம். முதலுதவிப் பெட்டியை ஒரு பிள்ளையின் முழுப் பொறுப்பில் விட்டால் அதுவே போதிய தலைமை: மாதம் ஒருமுறை காலாவதி தேதி பார்ப்பது, பஞ்சும் கட்டுத்துணியும் தீர்வதற்குள் கேட்டு வாங்குவது, யாருக்கு என்ன காயம் என்று எழுதுவது. அப்படி விடாத பள்ளியில் ஆண்டுக்கு ஓர் ஊர்வலம், ஒரு உறுதிமொழியோடு முடிந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டம்

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திட்டம். பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குத்தான். ஓர் அலகில் ஐம்பது பேர், ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். நம் பள்ளிகளில் முகாம் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில், பக்கத்துக் கிராமத்தில் நடக்கும்.

பதினாறு வயதில் பொதுவாழ்க்கையைத் தொட்டுப்பார்க்க இந்த ஏழு நாளைப் போல வேறு வாய்ப்பு கிடையாது. எஸ்.பி.எல். தன் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுகிறார். முகாம் தலைவர் பஞ்சாயத்துத் தலைவரோடும், “எங்க தெருவுக்கு எப்ப வருவீங்க” என்று கேட்கும் பாட்டியோடும் பேச வேண்டும்.

முகாமின் முதுகெலும்பு சமையலும் தண்ணீரும். ஐம்பது பேருக்கு ஒருவேளைச் சோற்றுக்கு ஏழரை முதல் எட்டுக் கிலோ அரிசி, சாம்பாருக்கு இரண்டு கிலோ பருப்பு, ஐந்தாறு கிலோ காய். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் குடிதண்ணீர், ஆக ஒரு நாளைக்கு 200 லிட்டர், இருபது லிட்டர் கேன் பத்து. முதல் நாள் எல்லா முகாமிலும் தண்ணீர்தான் தட்டுப்படும், ஐம்பது பேருக்கு மூன்று கேன் போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அணியைப் பத்துப் பேர் வீதம் ஐந்தாகப் பிரித்துச் சமையல், தண்ணீரும் துப்புரவும், களப்பணி, வீட்டுக் கணக்கெடுப்பு, மாலை நிகழ்ச்சி என்று தினம் மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டாம் நாளே பெண்பிள்ளைகள் அடுப்படியிலும் ஆண்பிள்ளைகள் போட்டோவிலும் நின்றுவிடுவார்கள். சமையலை ஆண்பிள்ளைகள் அணியில் இருந்து தொடங்குங்கள், மறுபேச்சு இருக்காது.

வேலை எடுக்கும்போது முடிக்கக்கூடிய அளவை எடுக்க வேண்டும். குளத்தங்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கிக் குவித்துவிட்டு வண்டி ஏற்பாடு இல்லாமல் வந்துவிட்டால் அடுத்த காற்றில் எல்லாம் குளத்துக்குள். அள்ளும் வண்டி எந்த நாள் வரும் என்று ஊராட்சியிடம் எழுத்தில் வாங்கிய பிறகே சாக்கைத் திறக்க வேண்டும். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகளை எடுக்கும் பணி நல்ல பணி, ஆனால் நனைந்த துணி கனக்கும். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, ஒரு சாக்குக்கு இருவர். பிள்ளைகள் கரையில் நின்று கொக்கிக் கம்பால் இழுக்கலாம், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. தாமிரபரணியின் சுழலும் வழுக்குப் பாறையும் நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கின்றன. அணை திறப்பு நிலவரத்தை அன்று காலையே கேட்டுக்கொள்ள வேண்டும். களக்காடு முண்டந்துறை வனப்பகுதிக்குள் வேலை என்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் வெள்ளமும் நெல்லை, தூத்துக்குடி ஊர்களைப் புரட்டிப்போட்டன. அந்த மாதிரி நாளில் பள்ளி அலகு செய்ய வேண்டியதைச் சாதாரண நாளிலேயே எழுதிவைக்க வேண்டும்: எந்தத் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், உயரமான கட்டடம் எது. முகாமின் வீட்டுக் கணக்கெடுப்பு படிவத்தில் இந்த மூன்று கேள்வியைச் சேர்த்தால் அந்தத் தாள் கிராம நிர்வாக அலுவலருக்கும் பயன்படும்.

மன்றங்கள்

மேடை பிடிக்காத, குரல் உயர்த்தாத பிள்ளைகளை மறந்துவிட்டே இந்தப் பேச்சு எப்போதும் நடக்கிறது. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், ஆறு முதல் எட்டு வகுப்புக்கான வானவில் மன்றம் எல்லாம் இவர்களுக்கான இடம். சுவர்ப் பத்திரிகை ஆசிரியராக மாதம் ஓர் இதழைத் தேதி தவறாமல் கொண்டுவரும் பிள்ளை செய்வது முழுத் தலைமை: எழுதாதவர்களை எழுதவைக்க வேண்டும், எழுதியதை நோகாமல் வெட்ட வேண்டும்.

நம் பக்கம் இன்னொரு வாய்ப்பு பறவைக் கணக்கெடுப்பு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரி மாதவாக்கில் நடந்துவருகிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும் இங்கேதான். ஐந்து பேர் கொண்ட மன்ற அணிக்கு ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு போதும். ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத வேண்டும். வெள்ளெனக் கிளம்பி ஆறரைக்குள் குளக்கரையில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் கானலில் எண்ணிக்கை பிசகும். எண்ணியதை மட்டும் எழுத வேண்டும், “சுமார் ஆயிரம்” என்று எழுதக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கற்கும் பிள்ளை கணக்கில் பொய் சொல்லாத தலைவராக வரும்.

யாருக்கு எது

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளை, பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் சாரணர். எட்டாம் வகுப்பு, சீருடைப் பணியில் ஆசை, சனிக்கிழமை வர முடியும் என்றால் என்.சி.சி. இரண்டிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். முகாம் தேதிகள் மோதும், சான்றிதழ் இரண்டும் அரைகுறையாகும். கடைசி பஸ் பிள்ளைக்கு ஜே.ஆர்.சி.யும் மன்றமும், மகிழ் முற்றக் குழுப் பொறுப்பும். பத்தாம் வகுப்பில் புதிதாக எதிலும் சேர வேண்டாம், கையில் இருக்கும் பொறுப்பை முடித்துக்கொடுத்தால் போதும். பிளஸ் ஒன்னில் என்.எஸ்.எஸ்.; அறிவியல் பிரிவுப் பிள்ளைகளை “நீட்” என்று சொல்லித் தடுப்பவர்களுக்கு, முகாம் வருவது ஏழு நாள், அதுவும் விடுமுறையில் என்று காட்டுங்கள். எஸ்.பி.எல். பதவிக்கு நிற்க ஆசைப்படும் பிள்ளையிடம் முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து, என்னென்ன வேலை தருவார் என்று கேட்டு வரச்சொல்லுங்கள். பதில் தெளிவாக இருந்தால் நிற்கட்டும்.

சேர்ந்த பிறகு ஜூலை கடைசி வரை கவனியுங்கள். அதற்குள் மூன்று பயிற்சியாவது நடந்திருக்க வேண்டும், பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அதன் கையில் ஒரு குறிப்பிட்ட வேலை இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பதிவுப் பட்டியல் மேலே போன பிறகு இன்னொரு அமைப்புக்கு மாறுவது கடினம்.